ஃபயர் டோரைப் பார்க்க யாரைக் கூப்பிடுவது?

வடமேற்கு லண்டனில் தரைத்தளம் சேர்த்து ஆறு தளம், 36 வீடுகள் உள்ள ஒரு கட்டடம். குடியிருப்பாளர்களே சேர்ந்து நடத்தும் நிர்வாகக் கம்பெனியில் நீங்கள் சம்பளமில்லாத இயக்குநர். தீ அபாய மதிப்பீட்டு அறிக்கையில் “தகுதியுள்ள ஒருவரை வைத்து எல்லா ஃபயர் டோர்களையும் பரிசோதிக்கவும்” என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஃபயர் டோர் என்றால் தீயையும் புகையையும் குறிப்பிட்ட நேரம் தடுத்து நிறுத்தும் கதவு. மூன்று பேரிடம் விலை கேட்டீர்கள். ஒருவர் நல்ல விலை சொல்கிறார், இன்னொருவர் அதில் பாதி, மூன்றாவது ஒரு கதவுக் கம்பெனி இலவசமாகவே பார்த்துத் தருகிறேன் என்கிறது. மூவருமே “சான்றிதழ் இருக்கிறது” என்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் உள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பது தெரிகிறது: நாளைக்குத் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்து “இவரை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்” என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் பதில் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் முதலில் தச்சுவேலை செய்தவன். அப்புறம் கதவு பொருத்தும் வேலை, இப்போது பல வருடங்களாக லண்டனில் ஃபயர் டோர் பரிசோதனைதான் தொழில். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் குத்தகைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். கீழே சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு, தீப்பாதுகாப்புக்கான 2022 விதிமுறைகள் வேல்ஸுக்கும் பொருந்தாது.

முதலில் உறுதியான விஷயங்கள். ஃபயர் டோரைப் பரிசோதிக்க இன்ன சான்றிதழ் கட்டாயம் என்று இங்கே எந்தச் சட்டமும் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் அட்டை அடித்து “ஃபயர் டோர் இன்ஸ்பெக்டர்” என்று போட்டுக்கொள்ளலாம், அதைத் தடுக்க ஆள் இல்லை. 2005-ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணை பேசுவது பொறுப்பாளரைப் பற்றி. உங்கள் கட்டடத்தில் அந்தப் பொறுப்பாளர் பெரும்பாலும் உங்கள் கம்பெனிதான். அவருக்கு உதவ அமர்த்தப்படுகிறவருக்கு அந்த வேலைக்குப் போதுமான பயிற்சி, அனுபவம் அல்லது அறிவு, வேறு தகுதிகள் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆணை கேட்பது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் பாரம் உங்கள் தலையில்தான் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வீடுகளின் வாசற்கதவுகளும் இந்த ஆணைக்குள் வரும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 2023 ஜனவரி 23 முதல் நடைமுறையில் உள்ள அந்த 2022 விதிமுறைகள் இன்னும் தெளிவானவை. 11 மீட்டருக்கு மேல் உயரமுள்ள குடியிருப்புக் கட்டடங்களில் பொதுப்பகுதியின் ஃபயர் டோர்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். வீட்டு வாசற்கதவுகளை வருடத்துக்கு ஒரு முறை பார்க்க உங்களால் ஆன எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். ஆறு தளம் என்றால் உங்கள் கட்டடம் அந்த உயரத்தைத் தாண்டியே இருக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். அந்த மூன்று மாதப் பார்வைக்கு இன்ஸ்பெக்டர் தேவையில்லை. அரசு வெளியிட்ட வழிகாட்டுதலே அதை எளிமையான, கண்ணால் பார்க்கும் சோதனை என்றுதான் சொல்கிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரோ நீங்களோ செய்யலாம். கதவை ஒரு முறை முழுதாகத் திறந்து விடுங்கள், இன்னொரு முறை சற்றே திறந்து விடுங்கள். இரண்டு முறையும் அது தானாக வந்து, தாழ் விழுந்து முழுதாக மூடுகிறதா? கீல்களில் எல்லாத் திருகாணியும் இருக்கிறதா? விளிம்பில் ஓடும் பட்டை பிய்ந்து தொங்குகிறதா, யாராவது அதன்மேல் தடிமனாகப் பெயின்ட் அடித்துவிட்டார்களா? கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஓரிடத்தில் மட்டும் இடைவெளி பெரிதாகிறதா? கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறதா? கதவைத் திறந்தே வைக்க ஆப்பு செருகியிருக்கிறார்களா? இவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்ய வெளியாளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், விதிமுறையைக் காட்டிக் காசு பார்க்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மதிப்பீட்டு அறிக்கை கேட்பது அதற்கு மேற்பட்ட ஒன்று. ஒவ்வொரு கதவும் எந்தத் தரத்தில் செய்யப்பட்டது, எப்படிப் பொருத்தப்பட்டது, இப்போது அந்தத் தரத்தில் நிற்குமா, என்ன பழுது பார்க்கலாம், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கண்ணுக்கு நன்றாக இருக்கும் கதவு ஏன் போதாது என்பதற்கு மேற்கு லண்டனின் அடுக்குமாடிக் கட்டடமான கிரென்ஃபெல் டவரே பதில். 2017 ஜூன் 14 அன்று அங்கே பிடித்த தீயால் 72 பேர் இறந்தார்கள். எரியாமல் தப்பிய ஒரு வீட்டு வாசற்கதவைக் காவல்துறை பிறகு சோதித்தது. 30 நிமிடம் தாங்க வேண்டிய கதவு சுமார் 15 நிமிடத்தில் விட்டுவிட்டது. அதைத் தொடர்ந்து அரசு செய்த சோதனைகளில், பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் சேர்த்துச் செய்த கதவுகளில் பெரிய கோளாறு இருப்பது தெரிய வந்தது. அந்தக் கட்டடத்தில் பல வீடுகளின் கதவுகள் தானாக மூடவே இல்லை, கதவைத் தானாக மூட வைக்கும் குளோசர் பழுதாகியிருந்தது அல்லது கழற்றப்பட்டிருந்தது, அதனால் நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் புகை பரவியது என்று விசாரணை அறிக்கை சொன்னது. மூன்று மாதச் சோதனை என்ற எண்ணமே அந்த அறிக்கையின் பரிந்துரையிலிருந்து வந்ததுதான்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். பரிசோதகர் என்கிற தனி ஆளுக்காக உண்டான திட்டங்களில் இங்கே நன்கு தெரிந்தது எஃப்.டி.ஐ.எஸ், அதாவது ஃபயர் டோர் பரிசோதனைத் திட்டம். பிரிட்டிஷ் மரவேலைக் கூட்டமைப்பும் கட்டட இரும்புச் சாமான் வணிகர்களின் கில்டும் சேர்ந்து 2012-இல் தொடங்கியது. இதில் ஒரு வித்தியாசத்தை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் டிப்ளமோ என்பது பாடம் படித்துத் தேர்வு எழுதி வாங்குவது. சான்றுபெற்ற இன்ஸ்பெக்டர் என்பது அதற்கு மேல் ஒரு படி, நேரில் கதவைப் பார்த்து எப்படி மதிப்பிடுகிறார் என்று சோதித்துத் தருவது. டிப்ளமோ முடித்தவரும் “எஃப்.டி.ஐ.எஸ் தகுதி” என்று விளம்பரம் போடலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் நீங்கள் நினைத்துக்கொள்வது இரண்டாவதை. பிஎம் ட்ராடாவின் கியூ-மார்க், ஃபிராஸ் போன்ற சான்றுத் திட்டங்களின் பெயர்களையும் பார்ப்பீர்கள். இவை பெரும்பாலும் கம்பெனிகளுக்குத் தரப்படுபவை. பொருத்துவதற்கு ஒன்று, பராமரிப்பதற்கு ஒன்று என்று எல்லை பிரிக்கப்பட்டிருக்கும். கதவு பொருத்துவதற்குச் சான்று வாங்கிய கம்பெனி, பரிசோதனைக்கும் சான்று வாங்கியதாக ஆகிவிடாது. ஒரு நாள், இரண்டு நாள் இணையப் பயிற்சிச் சான்றிதழ்களும் ஏராளமாக உண்டு. அவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன், மூன்று மாதச் சோதனை செய்பவருக்கு அவை போதும். 36 வீட்டுக் கதவுகளுக்குத் தீர்ப்புச் சொல்ல வருகிறவருக்குப் போதாது.

ஆகவே சான்றிதழின் படத்தை மின்னஞ்சலில் வாங்கிவிட்டுத் திருப்தியடையாதீர்கள். அதைக் கொடுத்த அமைப்பின் இணையதளத்துக்கு நீங்களே போய்ப் பெயரைத் தேடுங்கள். இன்னும் செல்லுமா, எந்த வேலைக்குச் செல்லும் என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் கட்டடத்துக்கு நேரில் வரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். கம்பெனியின் முதலாளியிடம் சான்றிதழ் இருக்கும், டார்ச்சும் டேப்லெட்டும் எடுத்துக்கொண்டு வருவது போன மாதம் சேர்ந்த பையனாக இருக்கும். இது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். வருகிறவரின் பெயரையும் அவருடைய சான்றையும் விலைப்புள்ளியிலேயே எழுதிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, அது தீப்பாதுகாப்பு வேலைகளை விலக்கி வைத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கிரென்ஃபெல்லுக்குப் பிறகு பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் அப்படி ஒரு விலக்கு நுழைந்திருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர்கள் முன்பு எழுதிய ஒரு அறிக்கையை முகவரி மறைத்து அனுப்பச் சொல்வதுதான். சான்றிதழ் ஒரு நாள் அவர் தேர்வில் தேறியதைச் சொல்லும். அறிக்கைதான் தினமும் எப்படி வேலை செய்கிறார் என்று காட்டும். அதைத் திறந்ததும் ஒவ்வொரு கதவுக்கும் தனி எண்ணும் இடமும் இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளியை எண்ணாக எழுதியிருக்கிறாரா? பக்கங்களிலும் மேலேயும் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் எதிர்பார்ப்போம், அந்தக் கதவின் சொந்தச் சான்றில் வேறு அளவு இருந்தால் அதுதான் செல்லும். “இடைவெளி அதிகம்” என்று மட்டும் எழுதுகிறவர் அளவுகோலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. “தாழ்ப்பாள் பக்கம், நடுவில், 6 மில்லிமீட்டர்” என்று எழுதுகிறவர் அளந்திருக்கிறார். கதவின் மேல் விளிம்பைப் படம் எடுத்திருக்கிறாரா? தயாரிப்பாளரின் லேபிளும், சான்றுபெற்ற கதவு என்று காட்டப் பதிக்கும் ட்ராடாவின் வண்ணக் குமிழும் அநேகமாகக் கதவின் விளிம்பில்தான் இருக்கும். ஏணியோ, கண்ணாடியோ, கைபேசியை உயரத் தூக்கிப் பிடிப்பதோ இல்லாமல் மேல் விளிம்பைப் பார்க்க முடியாது. அந்தப் படம் இல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

கீல்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார், குளோசரில் எண்ணெய் கசிவதைக் கவனித்திருக்கிறாரா, கடிதத் துளைக்குள்ளும் பூட்டைச் சுற்றியும் சூட்டில் உப்பும் பொருள் இருக்கிறதா என்று பார்த்தாரா என்பதும் முக்கியம். விளிம்பில் ஓடுகிற அந்தப் பட்டையும் அதே வகைதான். தீயின் சூடு பட்டதும் பல மடங்கு உப்பி இடைவெளியை அடைத்துவிடும். அதனோடு சேர்ந்த மெல்லிய பிரஷ்ஷோ ரப்பர் இதழோ குளிர்ந்த புகையைத் தடுக்க. எஃப்டி30எஸ் என்று எழுதும்போது கடைசியில் வரும் எஸ் அந்தப் புகைத் தடுப்பைத்தான் குறிக்கிறது, 30 என்பது நிமிடம். வீட்டு வாசற்கதவுக்கு இந்த எஸ் மிக முக்கியம். தீ வருவதற்கு வெகுமுன்பே நடைபாதையை உபயோகமில்லாமல் செய்வது புகைதான்.

இன்னொன்றையும் மாதிரி அறிக்கையில் தேடுங்கள்: “எனக்குப் பார்க்க முடியாதவை” என்று ஒரு பகுதி. நல்ல பரிசோதகரை அடையாளம் காட்டுவது என் கணக்கில் இதுதான். கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை எதை வைத்து அடைத்திருக்கிறார்கள் என்பது நிலையைச் சுற்றி அடித்த அழகுப் பட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும். அங்கே தீ தாங்கும் பொருள் இருக்கலாம், சாதாரண நுரை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பட்டையைக் கழற்றாமல் யாருக்கும் தெரியாது. சில கதவுகளில் மட்டும் கழற்றிப் பார்க்க உங்கள் அனுமதி கேட்கிறவர் தொழில் தெரிந்தவர். ஒன்றையும் கழற்றாமல், ஒரு வார்த்தையும் எழுதாமல், எல்லாக் கதவுக்கும் “தேர்ச்சி” போடுகிறவர் தனக்குத் தெரியாததற்குக் கையெழுத்துப் போடுகிறார்.

இப்போது சந்தேகத்துக்குரிய பகுதி. உங்கள் கட்டடம் 1980-களில் கட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பல வாசற்கதவுகளில் லேபிளே இருக்காது. 44 மில்லிமீட்டர் தடிமன், கனமான மரம், நிலையில் கதவு வந்து இடித்து நிற்க 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தடை, ஆனால் எந்தக் காகிதமும் இல்லை. இந்த மாதிரிக் கதவு 30 நிமிடம் தாங்குமா? தாங்கலாம். பலவும் கட்டிய காலத்தின் விதிப்படிச் செய்யப்பட்டவை. ஆனால் தாங்கும் என்று யாராலும் பார்த்து உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் கதவின் உள்ளே என்ன இருக்கிறது என்பது சோதனை உலையில்தான் தெரியும். இங்கே பரிசோதகர் தர முடிந்தது ஒரு கருத்து மட்டும்: கட்டிய காலத்துத் தரத்தை ஒத்திருக்கிறது, பட்டையும் குளோசரும் சேர்த்து மேம்படுத்தலாம், அல்லது மாற்றுவது நல்லது. அந்தக் கருத்தை ஏற்று வைத்துக்கொள்ளலாமா என்பதைப் படிக்கட்டு எத்தனை, அலாரம் உண்டா, யார் குடியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து உங்கள் தீ அபாய மதிப்பீட்டாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரும் கதவுப் பரிசோதகரும் வேறு வேறு வேலை செய்பவர்கள். லேபிள் இல்லாத பழைய கதவுக்கு எஃப்டி30 சான்றிதழ் எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிக்கொள்ளுங்கள். லேபிள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக 36 கதவையும் தூக்கி எறியச் சொல்கிறவரையும் அவ்வளவே சந்தேகியுங்கள். நேர்மையான பதில் இந்த இரண்டுக்கும் நடுவில், கதவுக்குக் கதவு மாறுவதாகத்தான் இருக்கும்.

அந்த இலவச ஆளைப் பற்றி இனித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கதவு விற்கும் கம்பெனியில் திறமையான பரிசோதகர் இருக்கலாம், எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஆனால் எத்தனை கதவு தோற்கிறதோ அத்தனை கதவு விற்கலாம் என்கிற இடத்தில் உட்கார்ந்து அவர் எழுதும் அறிக்கையை உங்கள் குடியிருப்பாளர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு வாசற்கதவை மாற்றும் செலவைத் தாங்கப்போவது அவர்கள்தானே. ஒரு கட்டடத்தில் இலவச அறிக்கை ஏறக்குறைய எல்லாக் கதவையும் தோற்கடித்திருந்தது. தனியாக ஒரு ஆளை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றுக்கு வேண்டியிருந்தது புதிய பட்டையும், திருப்பிச் சரிசெய்த குளோசரும், மூன்றாவது கீலும்தான். பரிசோதிக்கிறவருக்குப் பழுதுபார்க்கும் வேலையில் பங்கு இருக்கக் கூடாது. அப்படி இருந்தே தீரும் என்றால், அதை எழுத்தில் சொல்லட்டும், பழுதுவேலைக்கு நீங்கள் வேறு இடத்திலும் விலை கேளுங்கள்.

பாதி விலைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளில் எத்தனை கதவு பார்ப்பீர்கள்? அளந்து, மேல் விளிம்பு பார்த்து, படம் எடுத்து எழுத ஒரு கதவுக்கு எனக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும், இரட்டைக் கதவுக்கு அதைவிட அதிகம். உங்கள் 36 வாசற்கதவுகளோடு படிக்கட்டு, மின்பெட்டி அறை, குப்பை அறைக் கதவுகளையும் சேர்த்தால் ஒரு நாளில் அடங்காது. மதியத்துக்குள் முடித்துவிடுவேன் என்கிறவர் கதவைப் பார்க்கப்போவதில்லை, கதவுகளின் முன்னால் நடக்கப்போகிறார்.

கடைசியாக நடைமுறைக்குத் தேவையான இரண்டு விஷயங்கள். வாசற்கதவின் உள்பக்கத்தைப் பார்க்க வீட்டுக்காரர் கதவைத் திறந்தாக வேண்டும். முதல் நாளே எல்லா வீடும் திறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வாரம் முன்னால் கடிதம், முந்தைய நாள் நினைவூட்டல், திறக்காத வீடுகளுக்கு மாலையிலோ சனிக்கிழமையிலோ இரண்டாவது வருகை என்று விலைப்புள்ளியிலேயே சேர்த்துக் கேளுங்கள். திறக்க மறுத்தவர்களுக்கு எழுதிய கடிதங்களின் நகலைப் பத்திரமாக வையுங்கள். ஆன எல்லா முயற்சியும் எடுத்தீர்கள் என்று காட்ட அதுதான் ஆதாரம், எடுத்த முயற்சிகளைப் பதிந்து வைக்கவும் விதிமுறை சொல்கிறது. அதே கடிதத்திலேயே, கதவுகளை மூடி வைக்க வேண்டும், குளோசரைக் கழற்றக் கூடாது, பழுது கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். குடியிருப்பாளர்களுக்கு அதை வருடம் ஒரு முறை சொல்வதும் உங்கள் கடமை. ஆங்கிலம் சரியாக வராத பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தமிழிலோ குஜராத்தியிலோ ஒரு பக்கம் சேர்த்து அனுப்பினால், குளோசரைக் கழற்றி வைப்பது உடனே குறையும். நான் வேலை செய்த கட்டடங்களில் அதைப் பார்த்திருக்கிறேன்.

பழுதுவேலை முடிந்ததும், தோற்ற கதவுகளை மட்டும் அதே பரிசோதகர் திரும்ப வந்து பார்க்க என்ன கட்டணம் என்பதையும் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் புது வேலையாகக் கணக்குப் போடுவார்கள். உங்களிடம் விலை சொன்ன முதல் இருவரின் மாதிரி அறிக்கைகளும் கைக்கு வந்ததும், முகவரியை மறைத்து இங்கே போட்டால் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன். உங்கள் கதவுகளைப் பற்றி இங்கே இருந்து என்னால் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் அறிக்கை எழுதியவர் அளவுகோலை எடுத்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.